ஏற்றிய பாரமும் எண்ணிய ஆளும்

இல்லறத்தில் நிற்பவர்க்கு நாள்தோறும் எழும் ஐயங்கள் பல. அவற்றுள் சில மிகச் சிறியனவாகத் தோன்றுவதால், அவற்றை அறநூலோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டு வேலைக்கு இன்னும் ஓர் ஆளை அமர்த்துவதா, இருப்பவரைக் கொண்டே சமாளிப்பதா என்னும் கேள்வி அத்தகையது. வசதி படைத்த குடும்பங்களில் இது வரவு செலவுக் கேள்வியாகவோ, வீட்டுத் தலைவியின் மனநிலையைப் பொறுத்த கேள்வியாகவோ முடிந்துவிடுகிறது. இது அணுவிரதத்தைத் தொடும் கேள்வி என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இன்று பேரன் பேத்தி கண்டவள். சென்னையில் பெரிய வீடு. மேலே இரண்டு மாடிகள். கணவர் தொழிலில் நன்கு முன்னேறியவர்; அணுவிரதங்களை ஏற்று ஒழுகுபவர். சென்ற ஆண்டு அவளுடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் ஆனார். நலம் விசாரிக்கச் சென்ற என்னை நான்கு நாள் தங்கவைத்தாள். இரண்டாம் நாள் மாலை அவள் கேட்டாள்:

"டீச்சர், இன்னும் ஓர் ஆளை வைக்கலாமா என்று பார்க்கிறேன். அவர் வேண்டாம் என்கிறார். ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள், பரிமிதம் என்று விரதம் எடுத்துக்கொண்டு வீடு நிறைய ஏவலாட்களை வைத்திருப்பது நமக்கு அழகா என்று கேட்கிறார். பணம் ஒரு பொருட்டில்லை. எது சரி என்றுதான் தெரியவில்லை."

சமையற்கார அம்மாள், வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண், பாத்திரம் துலக்க வருபவர், கார் ஓட்டுநர், வாயிற்காவலர் ஆக ஐவர். கணவரின் சொல்லைப் புறந்தள்ள இயலாது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பொருளுக்கு வரம்பு கட்டும் விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்தில், நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம் ஆகியவற்றோடு பணிப்பெண்டிரையும் பணியாட்களையும் எண்ணுகிறது. ஏற்றுக்கொண்ட அளவை இவற்றில் மீறுவது குற்றம். ஏவலரும் உடைமையாகக் கருதப்பட்ட காலத்து நூல் அது. இன்று எவரும் எவர்க்கும் உடைமை ஆகார். ஆயினும், "என் வீட்டில் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள்" என்று சொல்லும்போது நெஞ்சில் எழும் பெருமிதம் இன்றும் அதே பெருமிதம்தான். அதனால் அவ்வரம்பின் கருத்து பழையதாகிவிடவில்லை.

ஆனால் அதே அத்தியாயத்தில், கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவ்வைந்தைப் பேசுகின்றன. இன்னும் நோக்கத்தக்கது, சமந்தபத்திரர் பாரம் மிகுதியாக ஏற்றுவதை இரண்டு இடங்களில் வைக்கிறார். கொல்லாமையின் அதிசாரங்களில் ஒன்றாகவும் வைக்கிறார். பொருள் வரைவின் அதிசாரங்களில் ஒன்றாகவும் வைக்கிறார். பிறர் முதுகில் சுமையேற்றுவது துன்பம் செய்வதால் மட்டும் குற்றமாகவில்லை, பேராசையின் விளைவாக இருப்பதாலும் குற்றமாகிறது என்பது இதனால் விளங்குகிறது.

ஆகவே ஆட்களைப் பெருக்காதே என்று ஒரு விரதம் கையைப் பிடிக்கிறது; இருப்பவர்மேல் சுமையை ஏற்றாதே என்று மற்றொரு விரதம் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என் மாணவி நின்றாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கால அட்டவணை தயாரிக்கக் கற்றுத்தந்தார்கள். எந்த ஆசிரியர் எந்தப் பாடவேளையில் எங்கிருக்கிறார், யாருக்கு ஓய்வு வேளை உண்டு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தலைமையாசிரியரின் மனத்தில் மட்டும் இருக்கும் அட்டவணை எப்போதும் யாரோ ஒருவர்க்கு அநீதி செய்யும் என்பது எங்கள் ஆசிரியையின் சொல். எனவே ஒரு நோட்டுப்புத்தகம் கேட்டு வாங்கி, எஞ்சிய நாட்களில் அவ்வீட்டின் வேலையைக் கட்டம் போட்டேன்.

வீட்டோடு தங்கியிருக்கும் பெண் காலை 4.45 மணிக்கு எழுகிறாள். இரவு 10.30 மணிக்குப் பெரியவளின் கட்டிலருகே தரையில் பாய் விரிக்கிறாள். இடைப்பட்ட 17 மணி 45 நிமிடத்தில், உண்பதையும் சேர்த்து அவள் உட்கார்ந்தது ஒன்றேகால் மணி. எஞ்சியது பதினாறரை மணி. வார விடுமுறை கிடையாது; ஆகவே வாரத்துக்கு 115 மணி 30 நிமிடம். இரவில் பெரியவள் அழைக்கும்போதெல்லாம் எழுந்ததை இதில் சேர்க்கவில்லை. ஓரிரவு நான் விழித்திருந்து எண்ணினேன். நான்கு முறை எழுந்தாள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு வாரத்தில் 48 மணி, நாளில் 9 மணி என்று வரம்பு கட்டியது. வீட்டுக்குள் நடக்கும் வேலை அந்த வரம்புக்குள் வரவில்லை. ஆலையில் சங்கு ஊதும். பள்ளியில் மணி அடிக்கும். வீட்டில் வேலை முடிந்ததென்று அறிவிக்க ஒன்றுமில்லை. 2011-ஆம் ஆண்டு ஜெனிவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் மாநாடு, வீட்டுப் பணியாளர்க்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அது அந்த அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று அது கூறுகிறது. அழைத்தால் வருவதற்காகக் காத்திருக்கும் நேரத்தையும், நாட்டின் சட்டம் வரையறுக்கும் அளவில், வேலை நேரமாகக் கருதவேண்டும் என்கிறது. நோயாளியின் கட்டிலருகே படுத்திருப்பவள் உறங்குகிறாள் என்று நாம் சொல்கிறோம். அவள் காதுகள் உறங்குவதில்லை.

சமையற்கார அம்மாளின் கட்டம் வேறு செய்தி சொல்லிற்று. மாணவியும் கணவரும் பெரியவரும் இரவுணவு நீத்தவர்கள், மாலை 5.30 மணிக்கு உண்டு முடிப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு 7.30 மணிக்கு. அலுவலகத்திலிருந்து திரும்பும் மகன்களுக்கு 10 மணிக்குச் சூடாகத் தோசை. மூன்றாம் பந்தி முடிந்து, அடுப்பைத் துடைத்துவிட்டு அந்த அம்மாள் உண்பது 10.45 மணிக்கு. பகலுணவு 3 மணிக்கு. இடையில் ஏறத்தாழ எட்டு மணி நேரம், சுற்றிலும் உணவு மணக்க, அவள் பசித்திருக்கிறாள். அவ்வீட்டில் எவரும் அவளுக்கு உணவை மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் உண்ணட்டும் என்று காத்திருக்க வைத்திருக்கிறார்கள். உணவு தடுத்தலுக்கும் இதற்கும் எத்தனை தூரம் என்று எண்ணிப் பாருங்கள். கதிரவன் மறையுமுன் உண்டு விரதம் காக்கும் நாம், நம் வீட்டில் சமைப்பவள் நள்ளிரவை நெருங்கி உண்ணும்படி வைத்திருக்கிறோம்.

இதை நான் எளிதாகக் குற்றம் சொல்லிவிட முடியாது. ஏனெனில் நானும் இதே தவற்றைச் செய்தவள்.

1994-ஆம் ஆண்டு என் மாமியார் படுக்கையில் இருந்தார். நான் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தேன். காலையில் ஒரு மணி நேரம் பாத்திரம் துலக்க ஒரு பெண் வருவாள். "வந்ததுதான் வந்தாய், இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிடு" என்று தொடங்கினேன். பிறகு மாமியாரைக் குளிப்பாட்டுவது சேர்ந்தது. பிறகு அவர் துணிகளை அலசுவது. பிறகு நான் பள்ளியிலிருந்து திரும்பும்வரை உடனிருப்பது. ஒவ்வொன்றும் சிறிய வேலை. ஒவ்வொன்றுக்கும் ஏதோ கொஞ்சம் சம்பளமும் கூட்டினேன். அதனால் என் மனம் அமைதியாகவே இருந்தது. ஞாயிறுதோறும் கோயிலில் சிறுவர்க்கு அணுவிரதப் பாடம் நடத்துபவள் நான். பாரம் ஏற்றுதலுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, நெல்மூட்டை ஏற்றிய வண்டியும் மாடும். ஒருநாள் ஒரு சிறுவன் எழுந்து, "மாட்டுக்கு வாயில்லை, அதனால் பாவம். மனிதர்க்கு வாய் இருக்கிறதே, அவர்க்கும் இது பொருந்துமா?" என்று கேட்டான். "மனிதர் தமக்கு இயலாதென்று சொல்லிவிடலாம், அதனால் அது வேறு" என்று விடை சொன்னேன்.

அடுத்த சில நாட்களில் அந்தப் பெண் வருவது நின்றது. அவள் மகன் வந்து, அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை என்றான். போய்ப் பார்த்தேன். முதுகுவலி இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் நினைச்சுக்கக் கூடாதேன்னுதாம்மா" என்றாள். அவளுக்கு வாய் இருந்தது. அந்த வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இருந்தது. சிறுவனுக்கு நான் சொன்ன விடை பிழை என்பதை அன்று கண்டேன். அவனிடம் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அக்குடும்பம் ஊர் மாறிவிட்டது. இக்கட்டுரையை அந்தத் திருத்தமாகக் கொள்ளலாம்.

ஆகவே, "அவர்களே ஒன்றும் கேட்கவில்லையே" என்பதை நாம் அளவுகோலாகக் கொள்ளலாகாது. கேட்காமலே அறியச் சில வழிகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒப்புக்கொண்ட வேலைகள் எவை, பின்னர் சேர்ந்தவை எவை என்று எழுதிப் பாருங்கள். பின்னவை நீண்டிருந்தால் நீங்கள் ஏற்கெனவே இன்னோர் ஆளை அமர்த்திவிட்டீர்கள். அந்த ஆளும் இவரே என்பதுதான் வேறுபாடு. அவர் கடைசியாக எப்போது உண்கிறார் என்று பாருங்கள். அவர் விடுப்புக் கேட்கும்போது உங்கள் முகம் சுருங்குகிறதா என்று பாருங்கள். ஒருவர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் குடும்பம் நின்றுவிடும் என்றால், அவ்வீட்டில் ஓர் ஆள் குறைகிறது என்பது பொருள்.

குறைகிறது என்று கண்டவுடன் ஆளைக் கூட்டிவிட வேண்டுமா? அங்கேதான் கணவர் சொன்ன விரதம் துணைக்கு வருகிறது. வேலை எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் நோக்கவேண்டும். படுக்கையில் இருப்பவரின் தேவையிலிருந்து பிறக்கும் வேலை ஒன்று. ஒரே வீட்டில் மூன்று வேளை இரவுணவு, எவரும் தங்காத மேல்மாடி அறைகளை நாள்தோறும் துடைப்பது, தன் தட்டைத் தான் கழுவாமை, பின்னிரவில் வரும் நண்பர்க்குத் தேநீர், இவற்றிலிருந்து பிறக்கும் வேலை மற்றொன்று. முன்னதைக் குறைக்க இயலாது, குறைக்கவும் கூடாது. பின்னதைக் குறைக்காமல் அதற்கென ஆள் தேடுவது, ஆசைக்குக் கைகள் சேர்ப்பதாகும். அடுத்த ஆண்டு அந்தக் கைகளும் போதா.

நான் அவர்களிடம் கூறியது இவ்வளவே: வரம்பு தேவைக்குக் கட்டுங்கள். தேவைக்குக் கட்டாமல் ஆள் எண்ணிக்கைக்கு மட்டும் வரம்பு கட்டினால், அந்த விரதத்தைச் சுமப்பவள் தரையில் படுத்திருக்கும் பெண். ஐந்து பேரோடு நிறுத்திக்கொண்டேன் என்னும் நிறைவு உங்களுக்கு. அதன் வலி அவளுக்கு. தேவையைக் குறைத்தபின்னும் எஞ்சும் வேலை, இருப்பவர்களின் நியாயமான நேரத்தைத் தாண்டுமானால், இன்னும் ஆள் வைப்பது ஆடம்பரம் ஆகாது, அது கடமை.

கணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு நோட்டுப்புத்தகத்தை எடுத்து அவரே கணக்குப் போட்டார். வாரத்துக்கு 168 மணி. பெரியவளின் அருகில் எந்நேரமும் ஒருவர் வேண்டும். ஒருவர்க்கு 48 மணி என்றால் மூன்றரைப் பேர் வேண்டும். அந்த மூன்றரைப் பேர் வேலையை ஒரே பெண், மற்ற வீட்டு வேலைகளுக்கு நடுவே, செய்துவந்திருக்கிறாள் என்பதை எண்ணால் கண்டபோது அவர் முகம் மாறிற்று.

அடுத்து அவர் கேட்டது எனக்கு மகிழ்ச்சி அளித்தது. "இதில் நாங்கள் எத்தனை மணி பார்த்துக்கொள்வது?" என்றார். நோயுற்றோர்க்குப் பணிசெய்வதைத் தவத்தின் ஒரு வகையாகவே நம் நெறி வைத்திருக்கிறது. சம்பளம் கொடுத்து அத்தவம் முழுவதையும் வேறொருவரைச் செய்யச் சொல்லிவிட்டு, அதன் பயன் நமக்கு என்று எதிர்பார்க்க இயலாது. காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை என நாளுக்கு ஆறு மணி நேரம் மகனும் மருமகளும் பேரன்மாரும் முறைவைத்து ஏற்றனர். அது வாரத்துக்கு 42 மணி. எஞ்சிய 126 மணியை, ஒன்பது மணி நேரம் கொண்ட 14 முறைகளாகப் பிரித்தோம். மூன்று பெண்கள், இருவர்க்கு வாரம் ஐந்து முறை, ஒருவர்க்கு நான்கு. எவர்க்கும் 45 மணிக்கு மேல் இல்லை. அம்மூவரில் ஒருத்தி பழைய பெண்ணே. பெரியவள் அவள் கைக்குப் பழகியவர். புதியவர் இருவர். அவள் விட்ட வீட்டு வேலையில் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. மறு பகுதியை, பாத்திரம் துலக்க வருபவர் கூடுதல் நேரத்துக்குரிய கூடுதல் சம்பளத்தோடு தாமே விரும்பி ஏற்றார்.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. புதிதாக இருவர் வரப்போகிறார்கள் என்று கேட்டதும் அந்தப் பெண் சமையலறை மூலையில் நின்று அழுதாள். தன்னை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று எண்ணியிருக்கிறாள். நாம் அவளுக்கு இறக்கிவைக்கும் சுமை, அவளுக்குத் தலைமேல் விழும் இடியாகத் தெரிந்தது. ஆள் கூட்டும்முன் இருப்பவரிடம் பேசவேண்டும். அவர் சம்பளம் குறையாது, இடம் போகாது என்று முதலில் உறுதி சொல்லவேண்டும். புதிதாக வருபவரிடமும் உண்மை சொல்லவேண்டும். இந்த வேலை ஒரு முதியவளின் வாழ்நாளைப் பொறுத்தது. அவர் காலத்துக்குப் பின் உங்களுக்கு இங்கு என்ன உண்டு, எத்தனை மாதச் சம்பளம் தருவோம் என்பதை வருமுன்பே சொல்லிவிட வேண்டும். இருந்த வேலையை விட்டு வரும் ஒருத்தியைச் சில மாதம் கழித்துத் தெருவில் நிறுத்துவதும் துன்பம் செய்தலே. விருந்து, திருமணம் போன்ற சில நாள் தேவைக்கு நாட்கூலிக்கு ஆள் அழைப்பதே முறை. ஓர் ஆளை அமர்த்துவதென்பது இரண்டு கைகளை வாங்குவதன்று. அவருடைய பசி, நோய், விடுப்பு, முதுமை ஆகியவற்றில் ஒரு பங்கை ஏற்பது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்க்கென நல வாரியம் 2007-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்ய உடனிருந்து உதவுவதையும் அப்பங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணவர் தம் விரதத்தை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஏழு என்று வரம்பை மாற்றி எழுதிக்கொண்டார். ஏற்ற வரம்பை மாற்றுவது அவர்க்கு எளிதாக இல்லை. அதற்குரிய பிராயச்சித்தமாக இரண்டு கார்களில் ஒன்றை விற்றார். இது சரிதானா என்று என்னைக் கேட்டார். விரதத்தைத் தளர்த்துவது பற்றி முடிவு சொல்ல நான் தகுதியுடையவள் அல்லள். துறவியரிடம் கேளுங்கள் என்றேன். ஆனால் ஒன்றை மட்டும் அறிவேன். தம் வசதிக்காக வரம்பைத் தளர்த்துபவர் முகத்தில் அத்தனை வருத்தம் இருக்காது.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அவ்வீட்டுக்குப் போனேன். இரவு எட்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குச் சென்றேன். சமையற்கார அம்மாள் பலகையில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். பிந்தி வருபவர்க்கு மூடிவைத்த உணவு மேசைமேல் இருந்தது; அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்களாம். என்னைக் கண்டு எழப்போனார். "உட்காருங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். வடிகட்டிக் காய்ச்சிய நீர் எங்கே இருக்கிறதென்று கைகாட்டிவிட்டு, அந்த அம்மாள் உண்பதைத் தொடர்ந்தார்.

வாசகச் சகோதர சகோதரியரே! நம்முள் பலர் வீட்டில் ஐவர் இல்லை. ஒருவர்தான் இருப்பார், அதுவும் சில மணி நேரம். ஆயினும் கணக்கு ஒன்றே. இந்த வாரம் ஒரு தாளை எடுத்து, நம் வீட்டில் வேலை செய்பவரின் ஒரு நாளைக் கட்டம் போட்டுப் பாருங்கள். முதலில் குறைக்கக் கூடியதைக் குறையுங்கள். எஞ்சியதில் நம் கைகள் செய்யக் கூடியதை நாம் செய்வோம். அதற்கும் மேல் மிஞ்சினால், தயங்காமல் இன்னொருவரை அழைப்போம். மாட்டின் முதுகில் மூட்டையை எண்ணத் தெரிந்த நமக்கு, மனிதர் முதுகில் எண்ணுவது கடினமாகாது.